ரெண்டாவது பேர் யாருக்கு?

இந்தோனேசியாவில் யோக்யகர்த்தாக்காரி பூர்வந்திக்கு ஒரே பேர்தான், குடும்பப் பேர் கிடையாது. அவள் அப்பாவுக்கும் அப்படியே. ஆபீஸில் சேருகிறவர்களுக்கெல்லாம் இணையக் கிளவுடில் கணக்கு திறக்க புரோகிராம் எழுதுவது அவள் வேலை. அதற்கென்று கிளவுட் கம்பெனி கொடுத்த ரெடிமேட் புரோகிராம் தொகுப்பான லைப்ரரியோ, குடும்பப் பேர் காலியாக இருந்தால் முகத்தில் அடித்தாற்போல் 'பிழை' என்றது.

"இல்லாத பேருக்கு நான் எங்கடா போவேன்!" என்று திரையைத் திட்டிவிட்டு, இருக்கிற பேரையே இரண்டு தடவை போடும்படி எழுதினாள். அவள் கணக்கிலும் பேர் அப்படியே விழ, அன்றிலிருந்து ஆபீஸே அவளை "பூர்வந்தி பூர்வந்தி அக்கா" என்று கூப்பிட்டது. ஆறு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மகள் பிறந்ததும் பதிவுத் தாளில் இரண்டு பேர் எழுதினாள். கணவன் விழித்தான்.

"நம்ம வீட்ல யாருக்கும் ரெண்டு பேர் கிடையாதே, எதுக்கும்மா இது?"

"முதல் பேர் புள்ளைக்கு. ரெண்டாவது அந்தப் பாழாப்போன லைப்ரரிக்கு."