ரயில் சக்கரம் வரைந்த அக்கா

சாரலில் நனைந்த கரிப்புகைக்கு ஒரு மணம் உண்டு. ஈர விறகும் சூடான இரும்பும் கலந்தாற்போன்ற அந்த மணம், செங்கோட்டை வண்டி போய் வெகுநேரம் ஆன பிறகும் தென்காசியில் எங்கள் தெருவை விட்டு நகராது. அம்மா அதைத் திட்டிக்கொண்டே கொடித் துணிகளை உள்ளே எடுப்பாள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, கல்யாணத்துக்கு வரன் பார்க்கும் நிலையில் வீட்டிலிருந்த என் அக்கா சரோஜாவோ, அடுத்த வண்டிக்கு முன்னால் ரயிலடிக்குப் போய்விட வேண்டுமென்று வர்ணப் பெட்டியைத் தேடிக்கொண்டிருப்பாள்.

"ஊரு ஊரா இருந்து வந்து குத்தாலத்து அருவிய வரையுதாங்க. நீ என்னட்டின்னா இந்தக் கரிவண்டியக் கட்டிக்கிட்டு அழுத" என்பாள் அம்மா.

"அருவி அழகுன்னு எல்லாரும் சொல்லியாச்சும்மா. இதை ஒருத்தரும் சொல்லலையே" என்பாள் அக்கா.

வடக்கே எல்லையில் சண்டை நடந்த அந்த ஆண்டு, ஊரில் யாரைப் பார்த்தாலும் ஒற்றன் என்ற பேச்சாக இருந்தது. ஒரு நாள் மாலை தண்டவாளத்து ஓரம் அடுக்கியிருந்த மரக்கட்டைகள் மேல் அக்கா உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்க, நான் பக்கத்தில் குடை பிடித்திருந்தேன். பக்கத்து ரயில் பாலத்துக்குக் காவல் நின்ற ஊர்க்காவல் தொண்டர் ஒருவர் வந்து தாளைப் பிடுங்கிக்கொண்டார். "பாலத்தப் படம் போட்டு யாருக்கு அனுப்பப் போற? நட போலீஸ் ஸ்டேஷனுக்கு" என்றார். அக்கா வர்ணப் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். நான் அப்பாவிடம் ஓடினேன்.

சேதி கேட்டதும் ஜவுளிக்கடையில் இருந்த அப்பா, செருப்பைக்கூடப் போடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு விரைந்தார். "கல்யாணம் ஆக வேண்டிய பிள்ள" என்று வழி முழுக்கத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு வந்தார். வாசுதேவநல்லூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அந்த வாரந்தான் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் படத்தை மேசைமேல் விரித்து வெகுநேரம் பார்த்தார். தாள் முழுக்க எஞ்சினின் சக்கரங்களும் அவற்றைக் கோத்து ஓடும் இரும்புத் தண்டுந்தான் இருந்தன.

"இதுல பாலம் எங்கவே இருக்கு?" என்று தொண்டரைக் கேட்டார்.

"பாலத்துக்குப் பக்கத்துல இருந்து வரைஞ்சா, சார்."

இன்ஸ்பெக்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். "வண்டில எவ்வளவோ இருக்கு. சக்கரத்த மட்டும் எதுக்கும்மா வரையுத?"

"அழகா இருக்கு சார்." அக்கா முதலில் மேசை விளிம்பைப் பார்த்துச் சொன்னாள். பிறகு எங்கள் எல்லாரையும் மறந்துவிட்டாள். "வண்டி கிளம்பும்போது அந்தத் தண்டு ஒரு தடவ மூச்சு வாங்கும். பெறவு அது ஏறி இறங்கும்போது சக்கரம் மூணும் சேந்து சுத்தும். எது எதை இழுக்குதுன்னே தெரியாது. அதைப் பிடிக்கணும்னு பாக்கேன், வரமாட்டேங்குது."

அவர் தாளைச் சுருட்டி அவளிடம் நீட்டினார். "சண்டை முடியட்டும்மா, அதுவரைக்கும் ரயில் பக்கம் போகாத. அரிசி மில்லு இருக்குல்லா, அங்கயும் சக்கரம் சுத்தும், அதை வரை."

வெளியே வந்ததும் அப்பா குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு, படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நான் பயந்தேன். "எங்க, அதைக் காட்டு" என்றார். அதுவரை அக்காவின் படம் எதையும் அவர் நின்று பார்த்ததில்லை. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "எம்மா, இது ஓடுதுல்லா" என்றார்.

மறுநாள் காலையில் பயம் தெளியட்டும் என்று எங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் அருவியில் தலையைக் கொடுக்க வைத்தார். திரும்பும் வழியில் அரிசி மில் வாசலில் மாட்டுவண்டியை நிறுத்தச் சொல்லி, உள்ளே போய் முதலாளியிடம், "அண்ணாச்சி, எம் பிள்ள படம் வரையும். ஒரு ஓரமா இருந்துக்கிடட்டுமா?" என்று அவரே கேட்டார். வாசுதேவநல்லூர்க்காரர்கள் காவல் நிலையச் சேதியைக் கேள்விப்பட்டுத்தான் வந்தார்கள். மாப்பிள்ளை அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்றாராம். அவரே எங்கள் அத்தான் ஆனார்.

இன்று அந்த மீட்டர்கேஜ் பாதை இல்லை. கரி எஞ்சின் இல்லை. மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. போன மாதம் அக்காவோடு ஆய்க்குடிக் கோயிலுக்குக் காரில் போனேன். நடுவழியில் நிறுத்தச் சொல்லி இறங்கியவள், வயலுக்கு அப்பால் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்த காற்றாலைகளைப் பார்த்தபடி வெயிலில் நின்றாள். நடை சாத்திவிடுவார்கள் என்று கூப்பிட்டேன்.

"நீ போயிட்டு வா" என்றாள்.