இரண்டாவது துப்பாக்கிக்கு அளவெடுத்த ஞானேஸ்வரி

சுவிசில் வில் என்ற நகரத்தில் எக்லி என்பவரின் துப்பாக்கிக் கடையில் ஒரு பச்சைத் திரை தொங்கியது. அதற்குப் பின்னால்தான் ஞானேஸ்வரி இரண்டு வருடமாக இருந்தாள். கதவு மணி அடித்தால் தையல் மெஷினை நிறுத்திவிட வேண்டும். வந்தவர் போகும்வரை இருமவும் கூடாது. கடையில் விற்கிற தோல் உறைகளை ஒரு தமிழ் அகதிப் பெண் தைக்கிறாள் என்று தெரிந்தால் ஆட்கள் முகம் சுளிப்பார்கள் என்று எக்லிக்குப் பயம். மற்றப்படி நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களுக்கும் பயம் பிடித்தால் இப்படி ஒரு திரையை வாங்கி மாட்டத் தோன்றும்.

ஞானேஸ்வரிக்கு அப்போது முப்பத்தாறு வயது. சாவகச்சேரியில் புத்தகப்பையும் பயணப்பையும் தைத்துப் பிழைத்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் அவளுடைய வாயைக் கண்டு வந்த வழியே திரும்பினார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது முழுப் பொய்யுமில்லை. எண்பத்து நாலில் தம்பி குகதாசனைக் கூட்டிக்கொண்டு சுவிசுக்கு வந்து சேர்ந்தாள்.

உறை தைப்பதற்கு அவள் ஒரு நாளும் நிஜத் துப்பாக்கியைத் தொட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டாள். ஊரில் ஆமிக்காரன் தம்பியின் கழுத்தில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். அந்த இரும்பின்மேல் அவளுக்கு இருந்தது பயமில்லை, வெறுப்பு. அதனால் எக்லி ஒவ்வொரு துப்பாக்கியையும் அதே அளவில் மரத்தில் செதுக்கிக் கொடுத்தார். ஈரத் தோலை மரத்தின்மேல் இழுத்து, விரலால் அழுத்தி, காயவிட்டு, இரட்டைத் தையல் போடுவாள். கிழிந்து திரும்பி வருகிற உறைகளும் அவளிடம்தான் வரும். எந்தத் துப்பாக்கி எந்த இடத்தில் கொளுவி எதைக் கிழிக்கும் என்று அவளுக்குத் தெரிந்த அளவு எக்லிக்கும் தெரியாது.

எண்பத்தாறாம் ஆண்டு கார்த்திகை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. குகதாசன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே ஆரம்பித்தான்.

"அக்கா, திங்கட்கிழமைக்குள்ள வேலைக் கடிதம் குடுக்கவேணும். இண்டைக்கு எக்லியோட ஒண்டும் சண்டை கொளுவிப்போடாதை."

"நான் ஆரோடையடா கொளுவினனான்?"

"ஆரோடை கொளுவேல்லை எண்டு கேள்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வேலை இருக்கிறது என்று முதலாளி எழுதிய கடிதத்தை வெளிநாட்டவர் விவகாரம் பார்க்கிற பொலிசிடம் கொடுக்க வேண்டும். கடிதம் இல்லாவிட்டால் வேலை அனுமதி இல்லை. அது போனால் இருவரும் பழையபடி எட்டுப் பேர் படுக்கிற முகாம் அறைக்குத்தான் போக வேண்டும். அந்தக் கடிதத்திலும் எக்லி அவளைத் துப்புரவு வேலைக்காரி என்றே எழுதி வந்தார். வாசிக்கிற ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். என்றாலும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வாள்.

"ஜக்கெற்றைக் கழட்டு. சிப் போயிட்டுது, கடையிலை வைச்சுத் தைச்சுத் தாறன்."

"மூண்டு மணிக்கு வந்து எடுக்கிறன். உதைப் போட்டுக்கொண்டு ரயில் ஸ்டேஷனிலை நிண்டால் சனம் ஒருமாதிரிப் பாக்குது அக்கா."

"பாக்கட்டும். தையலை வடிவாப் பாக்கட்டும்."

அந்தத் தோல் ஜக்கெற்றை அவள்தான் தைத்தாள். உறை வெட்டி மிஞ்சிய துண்டுகளை எக்லியிடம் கேட்டு வாங்கி, கறுப்பும் மண்ணிறமுமாக ஒட்டுப்போட்டது.

மத்தியானம் கடை மணி அடித்தது. மெஷினை நிறுத்தினாள். காசுப் பையோடு வந்தவர் பிரண்டர். கடைகளின் அன்றைய வருமானத்தைப் பையில் வாங்கி வங்கியில் சேர்க்கிற காவல்காரர். அனுமதிப் பத்திரத்தோடு வலது இடுப்பில் பெரிய துப்பாக்கி வைத்திருப்பவர்.

"எக்லி, எனக்கு இரண்டாவதாக ஒன்று வேண்டும். பெரியது கைவிட்டால் எடுக்கிற மாதிரி, சின்னதாக."

எக்லி கண்ணாடிப் பெட்டியிலிருந்து இரண்டை எடுத்து, தோட்டா இல்லை என்று திறந்து பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். ஒன்று வெள்ளியாகப் பளபளத்தது. பின்னால் தோட்டாவை அடிக்கிற சுத்தியல் கொக்கிபோல் நீட்டிக்கொண்டிருந்தது. மற்றது தட்டையானது, மங்கல் கறுப்பு, எங்கும் எதுவும் நீட்டாதது. பிரண்டர் பளபளப்பதை எடுத்தார். "இதுதான். வலது கணுக்காலில் கட்டிக்கொள்வேன்."

திரைக்குப் பின்னால் ஞானேஸ்வரி தலையில் கை வைத்தாள். அந்த ஜாதித் துப்பாக்கியின் உறைகள் ஐந்து, கிழிந்துபோய் அவளுடைய பெட்டியில் கிடந்தன. கடிதத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

"இப்போது என்ன திடீரென்று இரண்டாவது?" என்று எக்லி கேட்டார்.

"ஸ்டேஷனில் நிற்கிற தமிழர்களை நீ பார்க்கவில்லையா? எல்லாரும் தோல் ஜக்கெற். அகதிக்கு அதற்கெல்லாம் காசு எங்கிருந்து வருகிறது? களவு, இல்லாவிட்டால் போதைப்பொருள்."

எக்லி சிரித்தார். "காலம் அப்படி" என்றார்.

பிரண்டர் சொன்னதைப் போன்ற பேச்சை அவள் பஸ்ஸிலும் கடையிலும் கேட்டுக் கேட்டுக் காது தடித்துப்போயிருந்தாள். எக்லியின் சிரிப்புத்தான் சுட்டது. அந்த ஜக்கெற்றின் துண்டுகளைத் தன் கையால் பொறுக்கிக் கொடுத்த மனிதர் அவர். மடியில் கிடந்த ஜக்கெற்றையும் கிழிந்த உறைகளும் மரக்கட்டைகளும் இருந்த பெட்டியையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். திரையை ஒரே இழுவையாக இழுத்தாள்.

எக்லிக்கு முகம் வெளுத்தது. "உள்ளே போங்கள். திங்கட்கிழமைக் கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்."

"அதை நினைச்சுத்தான் இரண்டு வருசம் உள்ளுக்கை இருந்தனான். எழுதாட்டில் விடுங்கோ."

இதை அவள் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில்தான் சொன்னாள். அவளுடைய டொச்சில் சொற்கள் முன்பின்னாக விழும். கோபம் மட்டும் விழ வேண்டிய இடத்தில் சரியாக விழும்.

ஜக்கெற்றை மேசையில் விரித்துப் பிரண்டரைப் பார்த்தாள். "ஸ்டேஷனிலை நிக்கிற என்ரை தம்பியின்ரை ஜக்கெற் இது. உங்களைப் போலை ஆக்களுக்கு உறை வெட்டின பிறகு குப்பைக்குப் போற துண்டுகள். அறுபத்திமூண்டு. எண்ணிப் பாருங்கோ. தையலையும் பாருங்கோ. பாத்திட்டு உங்கடை இடுப்பைப் பாருங்கோ."

பிரண்டர் குனிந்து தன் இடுப்பு உறையைப் பார்த்தார். அதே இரட்டைத் தையல். நாலு வருடமாவது உழைக்கும் என்று எக்லி புகழ்ந்து விற்ற உறை.

"தமிழருக்குப் பயந்து துப்பாக்கி வாங்கிறியளோ? வாங்குங்கோ. வாங்கிறதை நல்லதா வாங்குங்கோ. தமிழச்சி நானே தெரிஞ்சு தாறன்."

எக்லி ஏதோ சொல்லப் போனார். பிரண்டர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். இடுப்பு உறையை விட்டு அவருடைய கண் இன்னும் எடுபடவில்லை.

ஞானேஸ்வரி கிழிந்த உறைகளைப் பரப்பினாள். ஐந்திலும் ஒரே இடத்தில் கிழிசல், வெடிப்பில் கம்பளி நூல் சிக்கியிருந்தது. பளபளப்பதன் மரக்கட்டையைப் பிரண்டருடைய கம்பளிச் சட்டைக்குக் கீழே இடுப்புப் பட்டியில் செருகி, "இழுங்கோ" என்றாள். இழுத்தார். மரத்தில் செதுக்கிய சுத்தியல் கம்பளியில் கொளுவி, முழ நீளத்துக்கு நூலை உருவிக்கொண்டு வந்தது. அவருடைய மனைவி பின்னிய சட்டையாம். வீட்டில் என்ன பதில் சொன்னாரோ தெரியாது. அடுத்து கறுப்பின் கட்டையைச் செருகினாள். அது ஒரு சத்தமும் இல்லாமல் கைக்கு வந்தது.

"இனிக் கணுக்கால். இடக்கையிலை காசுப் பை. வலக்கையை ஒருத்தன் பிடிச்சிட்டான்." எக்லியின் கையை எடுத்துப் பிரண்டருடைய வலது மணிக்கட்டில் அவளே வைத்தாள். "இப்ப குனிஞ்சு எடுங்கோ."

பிரண்டர் பையைப் போட்டுவிட்டுக் குனிந்தார். வயிறு இடித்தது. வலது காலை இடக்கையால் தொட முயன்று, எக்லியையும் இழுத்துக்கொண்டு மேசையில் சாய்ந்தார்.

"இரண்டாவது துப்பாக்கி எதுக்கு? வலக்கை போனாப் பிறகு எடுக்க. அப்ப அது இடக்கைக்குக் கிட்ட இருக்கவேணும். முன்பக்கம், இடது இடுப்பிலை."

எக்லிக்கு அப்போதுதான் தன் தொழில் ஞாபகம் வந்தது. "கறுப்புக்குத் தோட்டாவும் உன் பெரியதற்குப் போடுகிற அதே தோட்டாதான்" என்றார் மெதுவாக. "இரண்டுக்கும் ஒரே பெட்டி போதும்."

பிரண்டர் கறுப்பை எடுத்துக் கையில் புரட்டிப் பார்த்தார். பிறகு ஜக்கெற்றை எடுத்து, கழுத்துப் பட்டியில் இருந்த சின்னத் துண்டுகளை விரலால் தடவினார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லைப்போலும். கேட்கவில்லை. "இதற்கு உறை நீங்கள் தைப்பீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

"தைப்பன். ஆனா அளவு இஞ்சைதான் எடுப்பன், தெருவைப் பாத்த யன்னல் கண்ணாடிக்கு முன்னாலை. திரைக்குப் பின்னாலை இனிப் போகமாட்டன்."

இதை எக்லியைப் பார்த்துத்தான் சொன்னாள். எக்லி பிரண்டரைப் பார்த்தார். பிரண்டர் தோளைக் குலுக்கினார். எக்லி ஏணியை எடுத்து வந்து, ஒவ்வொரு வளையமாகக் கழற்றி, திரையைச் சுருட்டி மேசைக்கு அடியில் போட்டார். பிறகு டைப்ரைட்டரில் ஒரு தாளைச் செருகினார்.

ஞானேஸ்வரி அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்த கண்ணாடிக்கு முன்னால் பிரண்டரைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இரண்டு கையையும் மேலை தூக்குங்கோ."

தூக்கினார். தெருவில் போன இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள். மூன்று மணிக்கு ஜக்கெற் வாங்க வந்த குகதாசன், வெறும் சட்டையோடு குளிரில் நடுங்கிக்கொண்டு வெளியே நின்றான். இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கிற மனிதன் ஒருவன் அவனுடைய அக்காவுக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். காலையில் தான் அவளுக்குச் சொன்ன புத்தி எல்லாம் வீணாய்ப் போய்விட்டது என்று தலையில் கையை வைத்துக்கொண்டான். பொறு என்று அவள் உள்ளேயிருந்தே கையைக் காட்டினாள்.

"கடிதத்தில் வேலை என்று என்ன போடுவது?" என்று எக்லி டைப்ரைட்டருக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"துப்பாக்கி உறை தைக்கிற தொழிலாளி எண்டு போடுங்கோ. முழுசாப் போடுங்கோ."

எக்லி இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தார்.

அளவு எடுத்து முடிந்து நாடாவும் சுருட்டியாகிவிட்டது. பிரண்டருக்குத் தோள் கடுத்தது. "கையை இறக்கலாமா?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றாள் ஞானேஸ்வரி. "கடிதம் முடியட்டும்."