கோல்கீப்பரின் வாப்பா

நெய்னா முகம்மது கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் அவனைத்தான் திட்டுகிறார்கள்.

கைக்குழந்தை மலீஹாவோடு கீழக்கரையிலிருந்து சான் ஹோசேவுக்கு வந்து பதினேழு வருடமாகிறது. சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. எது எப்போது கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே யோசிப்பதற்குத்தான் சம்பளம். அந்தப் புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஊரில் தன் வாப்பா மௌத்தான செய்தி வந்தபோதுகூட, விசா ஸ்டாம்பிங்கில் மாட்டிக்கொண்டால் திரும்பி வர முடியாதே என்று அவன் ஊருக்குப் போகவில்லை. கராஜில் உட்கார்ந்து அழுதான், பாவம்.

மகளோ ஐஸ் ஹாக்கியில் போய் விழுந்தாள். அதிலும் கோல்கீப்பர்! அந்த ஆட்டம் அவனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஐஸில் வழுக்கி ஓடும் வட்டக் கட்டையைப் பந்து என்றுதான் சொல்வான். ஆனால் விடியற்காலை பிராக்டிஸ் ஒன்றைக்கூடத் தவற விட்டதில்லை. ஜாக்கெட்டுக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, ஃபிளாஸ்க் டீயோடு கேலரியில் நடுங்குவான்.

போன வருடம் மலீஹா இந்தியப் பெண்கள் அணிக்குத் தன் வீடியோக்களை அனுப்பினாள். பெரிய அணி ஒன்றும் இல்லை. உலகத் தரவரிசையில் கடைசிப் பக்கத்தில் தேட வேண்டும். ஆனாலும் கோச் அவளை ரிசர்வ் கோல்கீப்பராக எடுத்துக்கொண்டு, பாஸ்போர்ட் காப்பி கேட்டார். அதே வாரம் நெய்னாவுக்கு அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழிக்குத் தேதி வந்தது. மார்ச் இருபது. மலீஹாவுக்குப் பதினெட்டு முடிவது ஏப்ரல் ஒன்பது.

பிளசன்டனில் இருக்கும் குடும்ப நண்பர் பத்மநாபன் அங்கிள் போனிலேயே குதித்தார். "விட்றாதீங்க பாய்! பொண்ணுக்கு எய்ட்டீன் ஆறதுக்குள்ள ஓத் எடுத்துட்டா அவளுக்கும் ஆட்டோமேட்டிக்கா சிட்டிசன்ஷிப் வந்துரும். தனியா அப்ளை பண்ணவே வேணாம்."

ஃப்ரீவேயில் வரும்போது மலீஹா கேட்டாள். "வாப்பா, கேன் யூ போஸ்ட்போன் இட்? ஜஸ்ட் ஒன் மந்த். இல்லேன்னா என் இந்தியப் பாஸ்போர்ட் செல்லாம போயிடும். ப்ளீஸ்."

"பந்து விரட்றதுக்காகவா? நான் பட்டதெல்லாம் நீயும் படணுமா? ஓசிஐ கார்டு வாங்கித் தரேன், இந்தியாவுக்கு எப்ப வேணா போயி விளையாடு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சம்மதித்துவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

கோச்சிடம் இருந்து பதில் வந்தது உறுதிமொழி எடுத்த மறுவாரம். இந்தியப் பாஸ்போர்ட் செல்லாதென்றால் அணியில் இடமில்லை. ஓசிஐ கார்டு ஊருக்கு வந்துபோகத்தான், நாட்டுக்கு ஆட இல்லை. விதி அப்படி, வருந்துகிறோம். நெய்னா அந்த மெயிலை நாலு தரம் படித்தான். எல்லாத் தப்பையும் முன்கூட்டியே கண்டுபிடிக்கிறவன் இதை மட்டும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

பழைய பாஸ்போர்ட்டை ரத்து செய்ய அனுப்பும் படிவத்தில் மலீஹா பேசாமல் கையெழுத்துப் போட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

ஒரு சனிக்கிழமை காலை இந்தியப் பெண்கள் அணி துபாயில் ஆடிய ஆட்டம் யூடியூபில் வந்தது. மலீஹா சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து பார்த்தாள். தாஜ் நிஷா தோசை ஊற்றிக்கொண்டே கணவனுக்குக் கண்ணைக் காட்டினாள், போய்ப் பேசுங்கள் என்று. அவன் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இந்தியாவின் கோலுக்குள் ஒன்று போனது. இன்னொன்று போனது. முடியும்போது பதினொன்று.

அவனுக்குள் வெட்கங்கெட்ட ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னான்.

"பாத்தியாம்மா? நீ போயிருந்தாலும் தோத்துட்டுத்தான் வந்திருப்பே."

மலீஹா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அங்கே இந்தியப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு வரிசையாக நின்று அழுதுகொண்டிருந்தார்கள்.

"ஆமா வாப்பா," என்றாள். "அவங்ககூட நின்னு தோத்திருப்பேன்."

நெய்னா முகம்மது எழுந்து கராஜுக்குப் போனான்.