ஒரு கழிப்பறைக்கு இரண்டு கல்வெட்டு

என் கணவர் திண்டுக்கல்லில் டைல்ஸும் கழிப்பறைச் சாமான்களும் விற்கிறார். கடைக்கு நாலு பேர் பழக்கம் வேண்டுமென்று ஊரில் ஒரு சேவைச் சங்கத்தில் சேர்ந்தார். அவர் சேர்ந்த பாவத்துக்கு நானும் அந்தச் சங்கத்தின் குடும்பக் கூட்டங்களில் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன்.

மாதம் ஒருமுறை பைபாஸ் ஓட்டலின் ஏசி ஹாலில் கூடுவார்கள். தலைவர் கழுத்தில் ஜல்லிக்கட்டு மாட்டுக்குக் கட்டியதுபோல ஒரு பதக்கச் சங்கிலி தொங்கும். அவர் மணியடித்தால் கூட்டம் தொடங்கும். பிறகு ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொள்வார்கள். போன மாதம் எனக்குப் போர்த்தியதை இந்த மாதம் நான் உங்களுக்குப் போர்த்துகிறேன் என்று, அந்தச் சால்வைகள் மடிப்புக் கலையாமல் ஊரைச் சுற்றி வருகின்றன. பெண்களுக்குத் தம்போலா, பிள்ளைகளுக்கு மியூசிக்கல் சேர், எல்லோருக்கும் பேகம்பூர் சமையல்காரரின் பிரியாணி. ஏழைகளின் கண்ணீரைப் பற்றி மைக்கில் தொண்டை அடைக்கப் பேசியவர், கீழே இறங்கி வந்து லெக் பீஸ் தீர்ந்துவிட்டதென்று அந்தச் சமையல்காரரோடு சண்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "இன்னைக்கு மீட்டிங் நல்லாப் போச்சுல்ல" என்பார்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. பழனி சாலையில் பஸ் பிடித்துப் போகும் கிராமம். எங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகளின் கழிப்பறை ஒரு மழையில் இடிந்து விழுந்தது. பின்புறம் சீமைக்கருவேலங்காடு இருந்தவரை பிள்ளைகள் அங்கே ஒதுங்கினார்கள். அதையும் பிளாட் போடுகிறேனென்று ஒருவர் வழித்துத் தள்ளிவிட்டு, வண்ண வண்ணமாகக் கல் நட்டுவிட்டார். அதன்பிறகு பெண்பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். சத்துணவு சாப்பிட்டுவிட்டு வாயை மட்டும் கொப்பளித்துத் துப்புவார்கள்.

அப்படிக் குடிக்காமல் இருந்து நோவில் விழுந்தவள், அப்போது ஒன்பதாவது படித்த ஒரு பெண். கணக்கில் கெட்டி, போர்டில் நான் தப்பாகப் போட்டாலும் எழுந்து நின்று சொல்கிற ரகம். நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். அவள் அம்மா கூலிக்கு மல்லிகைப்பூ பறிக்கிறவர். ஒருநாள் பள்ளிக்கே வந்து என்னிடம் சொன்னார்.

"டாக்டரு தண்ணி நெறையக் குடிக்கச் சொல்றாரு டீச்சர். குடிச்சா இங்க எங்க போவா? கக்கூசு கட்டித் தாங்க, அனுப்புறேன். இல்லன்னா படிப்ப நிப்பாட்டிட்டு நூல்மில்லு வேலைக்கு அனுப்பிருவேன். அம்புட்டுத்தான்."

அதனால்தான், என் கௌரவத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, சங்கத்திடம் நானே கேட்டேன். அப்போதைய தலைவர் ஒரு நகைக்கடைக்காரர். உடனே சரியென்றார். என் கணவர் பீங்கான் சாமான்களைக் கொடுத்தார். கோடை விடுமுறைக்குள் கட்டடம் எழும்பியது. குழாயில் தண்ணீரும் வந்தது. பள்ளி திறந்தபோது பிங்க் வண்ணமடித்து, வாசலில் நகைக்கடைக்காரரின் பெயரைச் செதுக்கிய கருங்கல்லோடு, பூட்டிக் கிடந்தது. பத்தாவதுக்கு வந்திருந்த அந்தப் பெண் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "எப்ப டீச்சர் தொறப்பாங்க?" என்றாள். இந்த வாரமே என்று சொன்னேன்.

எங்கள் சங்கத்தில் எதையும் ஆளுநர் வந்துதான் திறக்க வேண்டும். சங்கத்துக்கு மாவட்ட ஆளுநர் என்று ஒருவர் உண்டு. வெளியே மாட்டுத்தீவன வியாபாரி. உள்ளே வந்துவிட்டால் அவருக்குப் பூரண கும்பம். அவர் ஜூன் மாதம் குடும்பத்தோடு சிங்கப்பூர் போயிருந்தார். ஜூன் முடிந்தால் சங்கத்தில் ஆட்சி மாறிவிடும். ஜூலையில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஒருவர் தலைவரானார்.

பதவியேற்பு விருந்தில், குலாப் ஜாமூன் கிண்ணத்தோடு நின்ற அவரிடம் போய்க் கேட்டேன்.

"தொறந்துருவோம் மேடம். ஆனா எம் பீரியட்ல தொறக்குற பில்டிங்ல பழைய தலைவர் பேரு இருந்தா நல்லாவா இருக்கும்? கல்ல மட்டும் மாத்திக்கிட்டு வந்துர்றேன்."

நகைக்கடைக்காரர் விடுவாரா? கல்லில் கை வைத்தால் சங்கத்தை உடைப்பேன் என்றார். இதற்காகச் செயற்குழு கூடியது, டிபன் சாப்பிட்டது, மறுபடியும் கூடியது. கடைசியில் வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு கல் வைப்பதென்று சமாதானமானது. அதற்குப் பிறகு வலதுபக்கம் யார் என்று தகராறு. வளர்ந்த ஆண்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், பெண்பிள்ளைகள் மூத்திரம் போகிற இடத்தின் வாசலில் யார் பெயர் வலப்பக்கம் இருப்பது என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள்.

தலைமையாசிரியையிடம் பூட்டை உடைக்கச் சொன்னேன். அவர் பதறினார். "இன்னும் நம்ம கிட்ட ஒப்படைக்கலியே டீச்சர். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்ல பதில் சொல்லணும்?" என் கணவரிடம் சங்கத்திலிருந்து சாவி வாங்கித் தரச் சொன்னேன். "மண்டபத்துக்காரர் புதுசா ஒரு மண்டபம் கட்டுறாரு. டைல்ஸ் ஆர்டர் நமக்குத்தான். இப்பப் போயி இதப் பேச முடியுமா?" என்றார். அந்த மனிதரோடுதான் குடும்பம் நடத்துகிறேன்.

அந்தப் பெண் இரண்டாவது முறையும் நோவில் படுத்தாள். காலாண்டுப் பரீட்சையைக் காய்ச்சலோடு எழுதினாள். திறப்பு விழா ஒரு சனிக்கிழமை என்று முடிவானதும் ஓடிப்போய் அவள் அம்மாவிடம் சொன்னேன்.

"மில்லு ஆஸ்டலுக்குக் கூட்டிட்டுப் போக ஞாயித்துக்கெழம வேன் வருது டீச்சர். சொல்லி வச்சிட்டேன். சரி, சனிக்கெழம நானே வந்து கண்ணால பாக்குறேன். தொறந்திருந்துச்சுன்னா வேன்காரன்ட்ட வரலேன்னு சொல்லிர்றேன்."

விழாவன்று காலையிலிருந்தே பிள்ளைகள் வெயிலில் வரிசையில் நின்றார்கள். ஆளுநர் மதியத்தை ஒட்டி வந்தார். கத்தரிக்கோல் தட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு பெண் வேண்டுமென்றார்கள், அவளை நிறுத்தினேன். திறந்ததும் முதலில் போகட்டும் என்பது என் ஆசை. அவள் அம்மா பூக்காட்டிலிருந்து நேரே வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

ஆளுநர் ரிப்பனை வெட்டினார். பெண்கள் நாட்டின் கண்கள் என்று பேசினார். என் கணவரும் பேசினார். கதவு திறந்தது. உடனே, அவ்வளவு தூரம் காரில் வந்த சங்கத்துச் சீமாட்டிகள் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஒவ்வொருவராகப் போய் வந்து, "நல்லா நீட்டா இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார்கள். தட்டைக் கீழே வைக்காதே, போட்டோ இருக்கிறது என்று அந்தப் பெண்ணை நிறுத்தி வைத்திருந்தார்கள். கடைசிச் சீமாட்டி வெளியே வந்ததும், சங்கச் செயலாளர் மிகப் பொறுப்பாகக் கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒப்படைப்பு நிகழ்ச்சி பாக்கி இருந்ததல்லவா? தங்க நிறக் காகிதம் ஒட்டிய, ஒரு ஆள் நீளத்துக்குத் தெர்மாகோல் சாவி ஒன்றை எடுத்து வந்தார்கள். இரண்டு தலைவர்களும் ஆளுநரும் சேர்ந்து பிடித்து அதைத் தலைமையாசிரியையிடம் கொடுத்தார்கள். கைதட்டினோம். சாப்பாடு ஆறிவிடும் என்று கார்கள் கிளம்பிப் போய்விட்டன.

புழுதி அடங்கியபோது எங்களிடம் தெர்மாகோல் சாவி மட்டும் இருந்தது.

செயலாளருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. என் கணவருக்குப் போட்டேன், எடுத்தார். பின்னால் தட்டுச் சத்தம். "செத்த பொறு, பந்தியில இருக்கேன்" என்றார். பூட்டை உடையுங்கள் என்று தலைமையாசிரியையிடம் கத்தினேன். "தொறப்பு விழா அன்னைக்கே ஒடச்சா பேப்பர்ல போட்ருவாங்க டீச்சர்" என்றார். இதற்குள் அந்த அம்மா கேட்டை விட்டு உள்ளே வந்து, பூட்டைக் கையால் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

சாவியை என் கணவர் ஞாயிறு இரவு, மீந்த ஸ்வீட் பெட்டியோடு கொண்டு வந்தார். திங்கட்கிழமை காலை நானே திறந்துவிட்டு, முதல் மணிகூட அடிக்கும் முன்பே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மட்டும் இருந்தார். திறந்தாச்சும்மா, இனிமேல் பூட்டமாட்டோம், வேனில் போயிருந்தாலும் அவளைத் திரும்பக் கூட்டி வந்துவிடலாம் என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. உட்காரச் சொன்னார்.

"நேத்தே மில்லுக்குப் போயிட்டா டீச்சர். ராத்திரி போன்ல பேசுனா. வேலையப் பத்தி ஒண்ணும் சொல்லல. அங்க பாத்ரூமப் பூட்டுறதே இல்லம்மான்னு, அதத்தான் ரெண்டு தடவ சொன்னா."