ராட்டினத்துக்கு எட்டு பேர் வேண்டும்

கூட்டம் எனக்கு ஆகாது. இன்று பௌர்ணமி, எங்கள் ஊரான திருவண்ணாமலையில் நிற்க இடம் கிடைக்காது. அதனால் விடியும் முன்பே அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு சென்னைப் பக்கம் உள்ள தீம் பார்க்குக்குக் கிளம்பினேன். கேட் திறந்ததும் முதல் ஆட்கள் நாங்கள்தான்.

அடுத்த வாரம் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன். அதற்குள் ஒரு முறை ராட்சத ராட்டினத்தில் ஏற வேண்டுமாம்.

ராட்டினம் ஓட்டுபவர் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"எட்டு பேராவது வேணும் சார், பேலன்ஸ் ஆகாது. பதினோரு மணிக்கு சர்வீஸ்காரங்க வந்துட்டா இன்னிக்கு ஓடாது."

மெக்கானிக்கல் படித்தவன், விடுவேனா? "நான் ஒரு பக்கம், அம்மா எதிர்ப்பக்கம் உட்கார்ந்தா பேலன்ஸ் ஆயிடுமே?"

"நீங்க ஒல்லியா இருக்கீங்களே சார்."

அம்மா அவரை முறைத்தார்.

பத்தே முக்கால் வரை ஒருவரும் வரவில்லை. "பரவால்லடா, வுடு" என்று அம்மா சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை. கேட்டுக்கு ஓடினேன். ஒரு வேனிலிருந்து ஆறு பேர் இறங்கினார்கள். விசாரித்தால் எங்கள் ஊருக்குப் பக்கத்து அடி அண்ணாமலைக்காரர்கள், அவர்களும் கூட்டத்துக்குப் பயந்து வந்தவர்கள்.

"அக்கா, ராட்டினத்தை மூடப் போறாங்க, சீக்கிரம் வாங்க!" என்று ஷேர் ஆட்டோக்காரரைப் போலக் கூவினேன்.

வந்தார்கள். சுற்றியது. அப்பாடா!

உச்சியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா கீதுடா. இன்னொரு ரவுண்டு போலாம், ஆளு புடி."

வேன்காரர்கள் தண்ணீர்ப் பக்கம் போய்விட்டார்கள். சர்வீஸ்காரர்கள் வர மதியம் ஆகுமாம். மறுபடியும் கேட்டில்தான் நிற்கிறேன், ஆறு பேர் குறைகிறது. பக்கத்தில் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லவும்.