கிருஷ்ணராஜ் சொன்ன சரி

எங்கள் தோட்டத்தில் "சரிங்க தொரை" என்று சொல்லாமல் செத்தவர் யாரும் இல்லை. இன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் போடுவேன் என்றாலும் சரிங்க. நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக் கூரையை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாலும் சரிங்க. அதற்கு "நீங்கள் சொல்வது சரி" என்று அர்த்தமே கிடையாது. "காதில் விழுந்தது, என்னை விடுங்கள்" என்பதுதான் அர்த்தம். இது தோட்டத்தை நடத்துகிற துரைமாருக்குத் தெரியாது. என்னைப் போன்ற கிளாக்கர்மாருக்கு நன்றாகத் தெரியும், ஆனால் தெரியாததுபோல இருப்போம். இந்த ஒரு சொல்லால் கிருஷ்ணராஜுக்கு இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. அது எப்படிப் போனதென்று எழுதுகிறேன். என்னைத் திட்ட நினைப்பவர்கள் கடைசிவரை பொறுத்திருங்கள், அப்போது இன்னும் வசதியாகத் திட்டலாம்.

அவனும் நானும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் பிறந்தவர்கள். தெரணியகலையில் ஒரே வகுப்பில் படித்தோம். நான் பரீட்சையில் தேறித் தோட்டத்து ஒபிசுக்குப் போனேன். அவன் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு டவுனில் ஒரு கராஜுக்குப் போனான். எனக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அவன் லயத்திலேயே இருந்தான். இருபது வருஷமாக நான் இதை அவனுக்கு ஏதாவது ஒரு விதத்தில் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தேன். அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

இரண்டாயிரத்து ஐந்தில் அவன் ஷார்ஜாவுக்குப் போனான். பாலைவனத்தில் வேகமாக ஓட்டுகிற வண்டிகளுக்கு ஸ்பிரிங்கும் சொக் அப்சோபரும் மாற்றிக் கொடுக்கிற கராஜ் அது. அங்கே தலைமை மெக்கானிக் ஹலீம், எங்கள் பக்கத்து மாவனல்லைக்காரர். முதல் மாதம் கிருஷ்ணராஜ் எதைக் கேட்டாலும் சரி, சரி என்றிருக்கிறான். ஒருநாள் அவன் சரியென்று சொன்ன வண்டி மணலில் மூக்குக் குத்தி நின்றது. ஹலீம் அவனைக் கூப்பிட்டு, "தம்பி, நீங்க சரின்னு சொல்றது சரின்னு நெனச்சித்தானே நான் அனுப்பினன்? இனிமே இந்த கராஜில அந்த வார்த்தைய நீங்க சொல்லக்கூடாது. ஒண்டா போகலாம்னு சொல்லுங்க, இல்லாட்டி போகேலாதுன்னு சொல்லுங்க" என்றாராம்.

அதற்குப்பிறகு அவன் பிழைத்துக்கொண்டான். பெரிய பெரிய அரபிகளின் முகத்துக்கு நேரே நின்று "நோ, போகேலாது" என்று சொல்லும் ஆளாக ஆனான். விடுமுறையில் வந்தால் என் குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து இதையே பேசுவான். பாலைவனத்துக்கு ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் நல்லதென்றுதான் எல்லோரும் நினைப்பார்களாம். அது பிழையாம். தண்ணீர், எண்ணெய், இரண்டு மாற்றுச் சில்லு, ஆட்கள், எல்லாவற்றையும் ஏற்றி நிறுத்துப் பார்த்து, அந்தப் பாரத்துக்கு அளவான ஸ்பிரிங் போட வேண்டுமாம். அதைவிட முக்கியம் சொக்.

"ஸ்பிரிங் ஒதைக்கும்டா. அந்த ஒதைய புடிச்சி அடக்குறதுதான் சொக். மணல்ல அலை அலையா மேடு வரும். வேகமா போனா நிமிசத்துக்கு நூறு தடவ ஒதை. சின்ன சொக்குன்னா உள்ள எண்ணெ கொதிச்சி தண்ணியா போயிடும், அப்புறம் புடிக்காது. தடிப்பான சொக்கு வேணும். பக்கத்துல எண்ணெய்க்கு தனி டப்பா இருக்கணும். உள்ள போய் வர்ற கம்பி நீளமா இருக்கணும்."

"எனக்கு எதுக்குடா இதெல்லாம்?" என்பேன்.

அவனிடம் ஒரு தொழில் இரகசியம் இருந்தது. ரப்பர் மரத்தின் வெட்டில் நாடாவாகக் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்து, சொக்கின் கம்பியில் ஒரு வளையமாகக் கட்டிவிடுவான். வண்டி ஓடி வந்த பிறகு வளையம் எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறதென்று பார்ப்பான். அவ்வளவு தூரம் சொக் வேலை செய்திருக்கிறது. வளையம் நகராவிட்டால் அடி முழுவதும் உள்ளே இருப்பவன் முதுகுக்குப் போயிருக்கிறது. அவன் மனைவி விஜயகலா பால்வெட்டுகிறவள். கடிதத்தோடு ஒட்டுப்பாலையும் சுற்றித் தபாலில் அனுப்புவாள். அந்த நாற்றத்தில் ஹலீம் கராஜை விட்டே ஓடுவாராம்.

பதினொரு வருஷம் கழித்து அவன் ஊருக்கே வந்துவிட்டான். தெரணியகலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரம் போட்டு, த்ரீவீலும் வேனும் பழுது பார்த்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும்போதே "போகேலாது" என்ற வார்த்தையைத் தொலைத்துவிட்டான் போலும். வந்த மறுநாள் ஒபிசுக்கு வந்து, அப்போதிருந்த துரைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி, "சரிங்க தொரை" என்று நின்றான். நான் மேசைக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

இப்போதைய துரை வந்து மூன்று வருஷம். கொழும்புக்காரர், நாற்பது வயது இருக்கும். வேலை நாளில் தோட்டத்தைப் பார்ப்பதைவிட ஞாயிற்றுக்கிழமை கித்துல்கலப் பக்கம் சேற்றில் ஜீப் ஓட்டுவதில்தான் அவருக்கு அக்கறை. போன வருஷம் அவரும் சிநேகிதர்களும் ஓமானில் நடக்கிற ஒரு பாலைவன ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தார்கள். ஜீப்பைக் கப்பலில் அனுப்ப வேண்டும். அதற்குமுன் ஸ்பிரிங்கும் சொக்கும் மாற்ற வேண்டும். கிருஷ்ணராஜைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவன் வந்தபோது பெட்டிகள் ஏற்கெனவே பிரிந்து கிடந்தன. துரை தானே இணையத்தில் பார்த்து வாங்கிவிட்டார். சிவப்புச் சாயம் பூசிய கனத்த ஸ்பிரிங், பின்னால் டன் கணக்கில் பாரம் ஏற்றுகிற வண்டிக்கானது. சொக் பளபளவென்று மெலிசாக இருந்தது, தனி டப்பா இல்லை. கிருஷ்ணராஜ் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பூட்டினான். பூட்டியபின் ஒட்டுப்பால் வளையம் கட்டினான். துரை ஃபெக்டரியில் இருந்து மேல் மலை வரைக்கும் கல்லுப் பாதையில் அடித்து ஓட்டிக்கொண்டு வந்தார். நானும் பின்னால் இருந்தேன். என் பல்லெல்லாம் ஆடியது.

இறங்கிக் குனிந்து பார்த்தோம். வளையம் கட்டிய இடத்திலேயே இருந்தது.

துரைக்கு ஒரே குஷி. "பாத்தியா, கொஞ்சமும் அசையல்ல! இரும்பு மாதிரி நிக்கிது" என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு கிருஷ்ணராஜின் தோளைத் தட்டி, "ஹரித?" என்று கேட்டார்.

ஹரி என்றால் சிங்களத்தில் சரி. அங்கேயும் அதற்கு இரண்டு அர்த்தம்.

கிருஷ்ணராஜ் வளையத்தைப் பார்த்தான். வாயைத் திறந்தான். ஹலீம் சொல்லிக் கொடுத்தது தொண்டை வரைக்கும் வந்தது, அது எனக்குத் தெரிந்தது. லயத்து ஆட்களுக்கு வீடு கட்டக் கொடுக்கிற ஏழு பேர்ச்சஸ் காணிக்கு அந்த மாதம்தான் லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவன் பேர் அதில் இருந்தது. பேனா துரையிடம் இருந்தது.

"ஹரி தொரை," என்றான்.

இறங்கிப் போகும் வழியில் நான் கேட்டேன். "ஏன்டா, அது சரிதானா?"

"சரியா? அதுல வேகமா போனா பின்பக்கத்த தூக்கி எறியும். முன்னுக்கு இருக்கிறவன் முதுகு ஒடிஞ்சிரும்."

"அப்ப சொல்ல வேண்டியதுதானே?"

"நீ சொல்லேன். நீதானே தெனமும் பக்கத்துல இருக்குற."

நான் சொல்லவில்லை.

ஓட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது துரையோடு போகவிருந்த சிநேகிதர் பின்வாங்கிவிட்டார். பக்கத்து சீட்டுக்கு ஆள் வேண்டும், வண்டி தெரிந்த ஆளாகவும் இருக்க வேண்டும். துரை கிருஷ்ணராஜைக் கேட்டார். அவன் என்ன சொல்லியிருப்பான் என்று உங்களுக்கே தெரியும். அன்று விஜயகலா லயமே கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டாள். "அந்த வண்டி ஆகாதுன்னு எங்கிட்ட சொன்னீங்கல்ல? அத அவருகிட்ட சொல்ல வாயில்லையா? புருசன்னு பேரு!" அவன் சட்டைகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தானாம்.

ஓட்டத்தின் மூன்றாம் நாள் அது நடந்தது. வேகமாகப் போகையில் ஒரு காய்ந்த ஓடை குறுக்கே வந்தது. சொக் அதற்கு முன்பே சூடாகிச் செத்திருந்தது. ஸ்பிரிங் பின்பக்கத்தைத் தூக்கி எறிய, வண்டி மூக்கால் விழுந்தது. துரைக்கு முதுகைத் தாங்குகிற விசேஷ சீட் பூட்டியிருந்தார்கள். வெளிநாட்டில் இருந்து அப்படி ஒன்றுதான் வந்தது. கிருஷ்ணராஜ் பழைய சீட்டில் இருந்தான். துரைக்கு மணிக்கட்டில் கட்டு. இவனுக்கு முதுகெலும்பில் இரண்டு எலும்பு நொறுங்கிவிட்டது.

ஓமானிலும் கொழும்பிலும் ஆஸ்பத்திரியில் கிடந்தவனை ஐந்து வாரம் கழித்துக் கொண்டுவந்தார்கள். அம்புலன்ஸ் தோட்டத்துப் பாதையில் ஏறாது என்று சாரதி தெரணியகலையிலேயே நின்றுவிட்டான். ரப்பர் பால் ஏற்றுகிற லொறியில் மெத்தை போட்டுக் கிடத்தினார்கள். அந்த லொறிக்குப் பாரம் தாங்கட்டும் என்று ஸ்பிரிங்கில் பட்டை மேல் பட்டையாகக் கூட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழிக்கும் அவன் அலறினான். பாலம் தாண்டியதும் அலறுவதை நிறுத்திவிட்டு, "இதுக்கும் வளையம் கட்டிப் பாருங்கடா, நகராது" என்றான். பிறகு கம்பளியில் வைத்து நாலு பேர் லயத்துப் படியில் ஏற்றினார்கள்.

கொழும்பு டொக்டர் ஒரு நம்பிக்கை கொடுத்திருந்தார். மூன்று மாதத்துக்குள் இன்னொரு சத்திரசிகிச்சை செய்தால் தடியைப் பிடித்தாவது நிற்கலாம். செலவை ஓட்டத்தின் காப்புறுதிக் கம்பனி ஏற்க வேண்டும். அவர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அந்தச் சாமான்களைத் தெரிந்தெடுத்தது யார்? அடிபட்டவனே தெரிந்தெடுத்து, அவனே சரி பார்த்திருந்தால் அவனுக்கு எதுவும் கிடையாது. வேறொருவர் என்றால் அவனுக்குச் சிகிச்சை, அந்த வேறொருவருக்கு வழக்கு.

அவர்கள் அவனோடு தொலைபேசியில் பேச வேண்டும் என்றார்கள். ஆங்கிலத்தில். துரை என்னைக் கூப்பிட்டு, "நீ போய் மொழிபெயர்த்துக் குடு" என்றார். கதவு வரைக்கும் போனவனைத் திரும்பக் கூப்பிட்டு, "குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுதுன்னு சொன்னியே, இந்த மாசம் செய்வோம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தேவையும் இல்லை.

அவரே ஜீப்பில் என்னை லயத்தடியில் இறக்கினார். இது வேறு ஜீப், புதியது. அவர் இறங்கவில்லை. நான் மேலே ஏறினேன். காம்பராவில் மூத்திர வாடை. விஜயகலா வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருந்து அவன் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், அவனுக்குத் தெரியாத காலை. போன் அடித்தது. சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். மறுமுனையில் ஒரு பெண் மரியாதையாகக் கேட்டாள். நான் தமிழில் சொன்னேன்.

"அந்த ஸ்பிரிங்கும் சொக்கும் நீதான் எடுத்தியா, சரின்னு நீதான் சொன்னியான்னு கேக்குறாங்க."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு நிதானமாகச் சொன்னான்.

"எடுத்தது தொரை. கேட்டது தொரை. நான் சரின்னேன்."

மூன்று வசனம். முதல் இரண்டையும் விழுங்கிவிட்டு, மூன்றாவதை மட்டும் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஆமாம், எல்லாம் கரெக்ட் என்று இவரே சொன்னாராம் என்றேன். கரெக்ட் என்ற சொல்லை அழுத்தியே சொன்னேன். அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பதினொரு வருஷம் ஷார்ஜாவில் இருந்தவனுக்கு அவ்வளவு ஆங்கிலம் புரியாதா? தலையை மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தான். விஜயகலாவுக்கும் கரெக்ட் தெரியும். பால் நிறுக்கிற இடத்தில் நான் தினமும் சத்தமாகச் சொல்கிற சொல் அதுதான்.

"அண்ணே, தொரைன்னு அவரு ரெண்டு தரம் சொன்னாரே. நீங்க ஒரு தரங்கூட சொல்லலியே?"

நான் போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"ஒரே லயத்துல பொறந்து, ஒரே பீலியில தண்ணி புடிச்சி... நீயெல்லாம் நல்லா இருப்பியா? ஒன் நாக்கு அழுகிப் போகணும்டா!" என்று எழுந்தாள். என் சட்டையைப் பிடித்தாள். பால் பிசுக்கு ஏறிய கை, ஒட்டிக்கொண்டது.

"விடு கலா," என்றான் கிருஷ்ணராஜ். "அவன் என்னா செய்வான்? கீழ தொரை நிக்கிறாரு."

அவன் கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

படியில் இறங்கினேன். துரை கண்ணாடியைப் பாதி இறக்கி, "ஹரித?" என்று கேட்டார்.

"ஹரி சேர்," என்றேன்.