சோப்பின் மேல் போட்ட பழி

திருவொற்றியூரில் எங்கள் பட்டறையில் மடக்குச் சவரக் கத்திகளுக்குக் கைப்பிடி செய்கிறோம். கைப்பிடி கார்பன் ஃபைபர் என்ற கரி இழைத் தகட்டில். அந்தத் தகட்டை அறுத்துத் தேய்த்தால் கறுப்புத் தூள் பறக்கும். வேலை முடிந்ததும் கம்ப்ரசர் பைப்பால் சட்டையை ஊதிக்கொள்வோம். முன்பு வேலை பார்த்த லேத் பட்டறையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம்.

இந்த வேலை தொடங்கிய சில வாரங்களிலேயே என் மனைவிக்குக் கையெல்லாம் அரிப்பு. துணி சோப்புதான் காரணம் என்று இரண்டு முறை சோப்பை மாற்றிவிட்டாள்.

போன வாரம், கீழே விழுந்த ஆணியைத் தேடக் குனிந்தபோது, மேசைக் காலுக்கு அடியில் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பார்த்தேன். தகட்டோடு வந்த குறிப்பு அது. தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும், முகமூடி வேண்டும், காற்றால் ஊதவே கூடாது, தூளில் உள்ள இழைகள் தோலில் தைத்து அரிக்கும், வேலைத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். எங்களுக்காக வந்த காகிதம் இத்தனை நாளும் மேசைக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது!

முதலாளியிடம் நீட்டினேன்.

"எல்லா சாமான்லயும் இப்டி ஒரு பேப்பர் வரும் நைனா. எடுத்த எடத்துலயே வை, டேபிள் ஆடுது பாரு."

"என் பொண்டாட்டி கைய சொறிஞ்சிகினு கீறா மொதலாளி!" என்று கத்தினேன். அவர் மேசையைத்தான் பார்த்தார்.

கொதிப்போடு வீட்டுக்கு வந்தேன். மனைவி மூன்றாவது சோப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுனாச்சும் ஒத்துக்குதா பாக்கலாம்," என்று என் சட்டைக்குக் கையை நீட்டினாள்.